பூல் கியூவின் தோல் டிப்: தேர்வு, பால் பக்குவம், ஒட்டும் முறை

பாளையங்கோட்டையில் நான் பூல் ஆடும் கூடத்துக்குப் புதிதாக வருபவர்கள், பந்தை அடிக்கும் கோலாகிய கியூவை எடுத்ததும் மேசைமேல் உருட்டி, வளைவு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதன் முனையில் இருக்கும் தோல் டிப்பைத் திருப்பிப் பார்ப்பவர் மிகக் குறைவு. ஆனால் வெள்ளைப் பந்தைத் தொடுவது அந்தத் தோல் மட்டுமே. தொடும் நேரமும் ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒன்று அல்லது இரண்டு கூறுதான். பந்துக்கு நாம் கொடுக்க நினைக்கும் சுழற்சி முழுவதும் அதற்குள் கைமாறியாக வேண்டும். நல்ல டிப்புக்குப் பெரிய செலவு தேவையில்லை, பொறுமைதான் தேவை என்பது என் உறுதியான கருத்து. விலை குறைந்த மென்மையான டிப்பை வீட்டிலேயே பக்குவப்படுத்தி ஒட்டும் முறையை, இதுவரை ஒரு டிப்பைக்கூட மாற்றியிராதவரும் செய்யக்கூடிய வகையில் இங்கே விளக்குகிறேன்.

வாங்கும்போது

முதலில் அளவைப் பாருங்கள். பூல் கியூக்களின் முனை பெரும்பாலும் 12 முதல் 13 மி.மீ. வரை இருக்கும். ஸ்னூக்கர் கியூவின் முனை 9 முதல் 10 மி.மீ. வரைதான் இருக்கும், ஏனெனில் பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ., ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மி.மீ. ஸ்னூக்கர் நம் உதகையில் விதிகள் வகுக்கப்பட்ட ஆட்டம். நம் ஊர்களில் அதற்கான டிப்புகள் எளிதாகக் கிடைக்கின்றன. பெட்டியின்மேல் உள்ள எண்ணைப் பார்க்காமல் வாங்கிவிட வேண்டாம். 13 மி.மீ. முனைக்கு 14 மி.மீ. டிப்பு வாங்குவதே சரி. ஒட்டிய பிறகு மிகுதியைச் சீவிவிடலாம், குறைந்த தோலைக் கூட்ட முடியாது.

அடுத்தது வகை. கமுய், மூரி போன்ற ஜப்பானியத் தயாரிப்புகள் மெல்லிய பன்றித்தோல் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்யப்படுபவை. அவை ஒரே சீராக இருக்கும், விலையும் அதிகம். எல்க் மாஸ்டர், டிரையாங்கிள் போன்றவை ஒரே தோல் துண்டில் வெட்டப்பட்டவை. இவற்றில் எல்க் மாஸ்டர் மென்மையானது, டிரையாங்கிள் கடினமானது. ஒற்றைத் தோல் டிப்புகளின் குறை என்னவென்றால், ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டு டிப்புகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. மென்மையான டிப்பை அப்படியே ஒட்டினால், சில நாள் ஆட்டத்திலேயே அது நசுங்கி, காளானின் குடைபோல விளிம்பைத் தாண்டிப் பிதுங்கிவிடும். இந்த இரண்டு குறைகளுக்கும் மருந்தாகவே, டிப்பைப் பாலில் ஊறவைத்து அழுத்தும் பால் பக்குவம் செய்யப்படுகிறது.

ஆகவே ஒரு டிப்பு வாங்காமல் ஏழெட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றையும் ஒரே உயரத்திலிருந்து கருங்கல் தரையில் போட்டு, ஓசையைக் கேளுங்கள். இறுகிய தோல் கூர்மையாக ஒலிக்கும், தளர்ந்த தோல் மந்தமாக ஒலிக்கும். பிறகு பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். நகத்தடம் ஆழமாகப் பதிந்து மீளாமல் நின்றால் அந்தத் தோலில் நார் நெருக்கமாக இல்லை என்று பொருள், அதை ஒதுக்கிவிடலாம்.

பாலில் ஊறவைத்து அழுத்துதல்

இதற்குத் தேவையானவை காய்ச்சாத பால் அரை டம்ளர், திருகி இறுக்கும் ஒரு சி-கிளாம்ப் அல்லது பட்டறை வைஸ், வழுவழுப்பான இரண்டு இரும்புத் தகடுகள் ஆகியவையே. வைஸ் வாங்க வேண்டியதில்லை. பழக்கமான ஆசாரியிடம் கேட்டால் பழைய கிளாம்ப் ஒன்று நிச்சயம் கிடைக்கும்.

முதலில் ஒவ்வொரு டிப்பின் தட்டையான அடிப்பக்கத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். அழுத்திய பிறகு மேல்பக்கக் குவிவு மறைந்து, எது மேல், எது கீழ் என்று தெரியாமல் போய்விடும். பிறகு டிப்புகளைப் பாலில் முழுவதும் மூழ்கும்படி போட்டு, ஓர் இரவு ஊறவிடுங்கள். மிதக்கும் டிப்பின்மேல் ஒரு கரண்டியை வைத்து அமிழ்த்தலாம். கிண்ணம் குளிர்சாதனப் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் நம் ஊர்ச் சமையலறையில் வெளியே வைத்த பால் பொழுது விடிவதற்குள் திரிந்துவிடும். அந்தப் புளிப்பு வாடை தோலில் ஏறினால் பிறகு போகாது.

தண்ணீர் இருக்கப் பால் எதற்கு என்று கேட்பார்கள். பாலில் உள்ள கேசீன் என்ற புரதத்திலிருந்து மரவேலைக்கான பசையே செய்திருக்கிறார்கள். அது நார்களுக்கிடையே நுழைந்து, காயும்போது அவற்றைப் பிடித்துக்கொள்ளும். ஆனாலும் பக்குவத்தில் பெரும்பங்கு அழுத்தத்துக்கே உரியது என்பதுதான் என் எண்ணம். அவசரப்பட்டு அழுத்தத்தைக் குறைத்த டிப்புகள் எத்தனை நேரம் பாலில் கிடந்திருந்தாலும் என்னிடம் நிலைத்ததில்லை.

ஊறிய டிப்புகளைத் துடைத்து, இரண்டு தகடுகளுக்கு நடுவே படுக்க வைத்துக் கிளாம்பை மெல்ல முறுக்குங்கள். பால் கசியத் தொடங்கும்போது நிறுத்தி, கசிவைத் துணியால் ஒற்றி எடுத்து, கால் மணி நேரம் கழித்து மீண்டும் முறுக்குங்கள். இப்படி மூன்று நான்கு முறை செய்ய வேண்டும். ஒரே மூச்சில் முறுக்கினால் தோல் ஒருபக்கமாக வழுக்கிச் சாய்ந்துவிடும். ஏறக்குறைய 6 மி.மீ. தடிமனுள்ள டிப்பை நான் 4 மி.மீ. அளவில் நிறுத்துகிறேன். அதற்குமேல் நசுக்கினால் டிப்பு மரக்கட்டைபோல் ஆகி, பந்தைப் பிடிக்காமல் தட்டிவிடும்.

கிளாம்பில் இருந்தபடியே நான்கைந்து நாள் நிழலில் காய வேண்டும். இந்த இடத்தில்தான் நான் தவறினேன். ஓர் ஐப்பசி மாதத்தில், வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தபோது, மூன்றாம் நாளே டிப்பை எடுத்து ஒட்டிவிட்டேன். மேல்பக்கம் காய்ந்திருந்தது, உள்ளே ஈரம் இருந்தது. சூப்பர் குளூ இறுகுவதற்குத் தூண்டுகோலே ஈரப்பதம்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. டிப்பை நடுவில் சரிப்படுத்துவதற்கு முன்பே பசை பிடித்துக்கொண்டது. கோணலாக ஒட்டிய அந்த டிப்பு இரண்டாம் நாள் ஆட்டத்தின் நடுவே கழன்று விழுந்தது.

தோல் ஈரத்தை எவ்வளவு விரைவாக வாங்கிக்கொள்ளும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுடலைமாடன் கோயில் கொடையில் கணியான் கூத்துக் கலைஞர்கள் மகுடம் என்ற தோல்கருவியை நெருப்பில் காட்டி, தளர்ந்த தோலை இறுக்கிக்கொண்டு அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மகுடத்தின் தோல் முன்பே காய்ந்து விறைத்தது, அதில் ஏறியிருப்பது காற்றின் ஈரம் மட்டுமே. பாலில் ஊறிய டிப்பை அதுபோல அடுப்பருகே வைத்தால் தோல் சுருங்கி வெடிக்கும். மழைக்காலமானால் ஒரு வாரம் கூடுதலாகக் காத்திருங்கள், அல்லது மின்விசிறிக்குக் கீழே வையுங்கள்.

ஒட்டுதல்

பழைய டிப்பைப் பிளேடால் சீவி எடுத்த பிறகு, முனையில் இருக்கும் வெள்ளை வளையமாகிய ஃபெரூலின் மேற்பரப்பில் பழைய பசை துளியும் இருக்கக் கூடாது. கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை விரித்து, அதில் புதிய டிப்பின் அடிப்பக்கத்தை வட்டமாகத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். பாலின் கொழுப்பு படிந்த மேல்தோல் இதில் நீங்கிவிடும். நீங்காவிட்டால் பசை பிடிக்காது. ஃபெரூலையும் லேசாகச் சொரசொரப்பாக்கி, இரண்டையும் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். நடுவில் ஒளிக்கீற்று தெரிந்தால் மீண்டும் தேய்க்க வேண்டும்.

கெட்டியான சூப்பர் குளூ ஒரு துளி போதும். டிப்பை வைத்து, நடுவில் சரிசெய்து, கியூவைத் தலைகீழாக்கி, தரையில் ஒரு நிமிடம் ஊன்றிப் பிடியுங்கள். அன்று முழுவதும் அதைத் தொடாமல் வைப்பது நல்லது.

சீவி உருவம் கொடுத்தல்

ஃபெரூலைச் சுற்றி ஒட்டுநாடா சுற்றிவிட்டு, டிப்பு கீழே இருக்கும்படி கியூவை ஒரு பலகையில் ஊன்றி, புதிய பிளேடால் மேலிருந்து கீழாக, அதாவது ஃபெரூல் பக்கத்திலிருந்து டிப்பை நோக்கி, சிறிது சிறிதாகச் சீவுங்கள். எதிர்த்திசையில் சீவினால் பிளேடின் இழுப்பு டிப்பைப் பெயர்த்துவிடும். பக்கம் சமமான பிறகு 400, 600 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்து, விரலால் ஓரத்தை நனைத்து, பழைய தோல்வார் துண்டைச் சுற்றிப் பிடித்து, கைக்குச் சூடு தெரியும்வரை வேகமாகத் தேயுங்கள். ஓரம் பளபளத்து இறுகும். டிப்பு பிதுங்காமல் நிற்பதற்கு இந்தத் தேய்ப்பு பெரிதும் உதவும்.

மேல்பக்கத்தின் குவிவுக்கு அளவுகோல் நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. அமெரிக்கர்கள் ஐந்து சென்ட் நாணயத்தை வைத்துப் பார்க்கும் வளைவுக்கு நமது இப்போதைய சிறிய ஒரு ரூபாய் நாணயம் நெருக்கமானது. உள்ளங்கையில் 120 எண் உப்புத்தாளைக் குழிவாகப் பிடித்து, அதில் டிப்பைச் சுழற்றித் தேய்த்து, நாணயத்தின் விளிம்பை அருகில் வைத்து ஒப்பிடுங்கள். பந்தின் நடுவிலிருந்து அதன் ஆரத்தில் பாதி தூரம், அதாவது ஏறத்தாழ 14 மி.மீ., விலகி அடிப்பதுதான் எல்லை. அதைத் தாண்டினால் கியூ வழுக்கும். தட்டையான டிப்பில் அந்த எல்லைக்குப் போகும் முன்பே விளிம்பு பந்தில் பட்டுவிடுகிறது.

பக்கம் பளபளக்க வேண்டும், மேல்பக்கம் சொரசொரப்பாக இருக்க வேண்டும். கியூ வழுக்காமல் இருக்க டிப்பில் பூசும் சாக் பிடித்துக்கொள்வது அங்கேதான். 1897-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சாக், சிலிக்காவும் அலுமினியம் ஆக்சைடும் கலந்த உராய்வுப் பொருள். பள்ளிக்கூடத்துச் சுண்ணக்கட்டியைப் பூசுவதால் பயன் இல்லை. ஒவ்வோர் அடிக்கும் முன்பும் சாக்கை மெல்ல வருடிப் பூசுங்கள்.

டிப்பு தேய்ந்து, ஓரத்தில் 2 மி.மீ.க்குக் குறைவாகத் தோல் மிஞ்சும்போது அதை மாற்றிவிடுங்கள்; அதன் பிறகும் ஆடினால் அடி நேராக ஃபெரூலில் இறங்கி அதைப் பிளந்துவிடும். புரட்டாசி முடிவதற்குள் நான்கைந்து டிப்புகளை அழுத்திக் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிட்டால், மழை மாதங்களில் ஈரத்தோலோடு போராட வேண்டியிருக்காது.