ரிவ்யூ எக்ஸ்டென்ஷன் எழுதும்போது வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

போன மாதம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த இருவர் ஒரு டெமோ காட்டினார்கள். விஎஸ் கோட் எடிட்டரை விட்டு வெளியே போகாமலே புல் ரிக்வெஸ்டை (கோடில் செய்த மாற்றத்தைச் சேர்க்கும் முன் மற்றவர்கள் பார்க்க அனுப்பும் கோரிக்கை) திறந்து, வரிக்கு வரி கமெண்ட் போடும் எக்ஸ்டென்ஷன், அதாவது எடிட்டரோடு சேர்க்கும் துணை நிரல். கோடைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்துக்கென்று 2018இலிருந்தே ஒன்று இருக்கிறதே என்று கேட்டால், எங்கள் செக்லிஸ்டையும் சேர்த்துக் காட்டுவது போல ஒன்று வேண்டுமாம். நியாயம்தான். நானும் ஒரு காலத்தில் அதே காரணம் சொல்லித்தான் இதே மாதிரி ஒன்றை எழுதினேன். டெமோ அழகாக ஓடியது. அப்புறம் கோடைத் திறந்து பார்த்தேன். நான் அன்றைக்குச் செய்த தவறுகள் அத்தனையும் அப்படியே இருந்தன.

ஐகான் போட மறப்பது, கன்சோல் லாகை நீக்காமல் வெளியிடுவது பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை முதல் நாளே யார் கண்ணிலாவது பட்டுவிடும்.

எடிட்டரின் வரி எண்ணை அப்படியே அனுப்புவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

விஎஸ் கோடின் கமெண்ட் ஏபிஐ (எக்ஸ்டென்ஷன்கள் எடிட்டரின் கமெண்ட் வசதியைப் பயன்படுத்தும் வழி) வரிகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும், கிட்ஹப் ஒன்றிலிருந்து எண்ணும். அது எனக்குத் தெரியும், மறக்காமல் ஒன்றைக் கூட்டினேன். கூட்டிவிட்டு, இந்த விஷயம் முடிந்தது என்றும் நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் ஒரு தம்பியின் கோடைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே லாக் வரி (நடப்பதைப் பதிவுசெய்யும் வரி) இரண்டு முறை இருந்தது. இரண்டாவதில் வைத்து, "இது தேவையில்லை, எடுத்துவிடு" என்று எழுதினேன். எடுத்தார், மெர்ஜ் செய்தோம். இரண்டு நாள் கழித்து அந்தக் கோட் ஓடும் பக்கம் வேலைசெய்யாமல் நின்றது. போய்ப் பார்த்தால், ரெஸ்பான்ஸ் காலியாக இருக்கிறதா என்று சோதிக்கும் வரியைக் காணோம். கூப்பிட்டுக் கேட்டேன்.

"அண்ணா, நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க?"

அவருடைய திரையில் என் கமெண்ட் அந்தச் சோதனை வரியின் கீழேதான் தொங்கியது. என் திரையில் லாக் வரியின் கீழே. ஒரே கமெண்ட்தான்! அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் பிடிபட்டது. எதையோ சரிபார்க்க என் லோக்கல் ஃபைலின் மேல்பகுதியில் இரண்டு பிரிண்ட் வரிகளைச் சேர்த்திருந்தேன், கமிட் செய்யவில்லை, அதாவது மாற்றமாகப் பதிவுசெய்யவில்லை. புல் ரிக்வெஸ்டில் 57ஆம் வரியில் இருந்த லாக், என் எடிட்டரில் 59ஆம் வரிக்கு இறங்கியிருந்தது. எக்ஸ்டென்ஷன் 59 என்றே அனுப்பியது. கிட்ஹப்பின் 59இல் இருந்தது அந்தச் சோதனை வரி.

இதில் வில்லங்கம் எங்கே என்றால், என் எக்ஸ்டென்ஷன் கமெண்டைத் திரும்ப வாங்கும்போதும் 59ஐ என் எடிட்டரின் 59இலேயே காட்டியது. போகும்போது ஒரு தவறு, வரும்போது அதே தவறு. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால் என் மெஷினில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. உங்கள் மெஷினில் மட்டும் சோதித்தால் இது ஒருநாளும் அகப்படாது.

டிஃப்பில் (பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக் காட்டும் பட்டியல்) இல்லாத வரி எண்ணை அனுப்பினால் கிட்ஹப் 422 என்ற பிழை எண்ணோடு திருப்பி அனுப்பிவிடும். அது வந்தால் உங்கள் அதிர்ஷ்டம். எண் டிஃப்புக்குள்ளேயே இன்னொரு வரியில் போய் விழுந்தால் எந்தப் பிழையும் வராது, கமெண்ட் மட்டும் இடம் மாறியிருக்கும்.

நான் இப்போது செய்வது இதுதான். லோக்கல் ஃபைலில் கமெண்ட் போடவே விடுவதில்லை. கமிட்டில் உள்ளபடியே ஃபைலை எடுத்து, திருத்த முடியாத டாக்குமெண்டாக டிஃப்பில் திறந்து, அங்கே மட்டும் கமெண்டுக்கு இடம் கொடுக்கிறேன். லோக்கல் ஃபைலிலும் வேண்டும் என்று அடம்பிடித்தால், அந்தக் கமிட்டுக்கும் எடிட்டரில் இப்போது இருப்பதற்கும் ஒரு டிஃப் எடுத்து வரியை மாற்றிக் கணக்கிடுங்கள். நீங்களே சேர்த்த வரி என்றால் கமெண்ட் பொத்தானைக் காட்டாதீர்கள்.

இன்னும் மூன்று இடங்களிலும் இதே ஆபத்து உண்டு. முதலாவது கமிட் ஐடி. கமெண்டை அனுப்பும் நேரத்தில் கடைசிக் கமிட் எது என்று கேட்டு அதைப் போடாதீர்கள். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே கோட் எழுதியவர் புதிய கமிட்டை கிட்ஹப்புக்கு புஷ் செய்திருக்கலாம். திரையில் காட்டிய கமிட்டையே அனுப்புங்கள்.

இரண்டாவது, நீக்கப்பட்ட வரிகள். அவை பழைய ஃபைலின் எண்கள். வரி எண்ணோடு 'லெஃப்ட்' என்று பக்கத்தையும் சொல்லாவிட்டால் புதிய ஃபைலில் அதே எண்ணைத் தேடிப் போகும்.

மூன்றாவது, எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பது. கிட்ஹப் காட்டும் டிஃப் மெயின் பிராஞ்சின் (எல்லோரும் சேர்க்கும் முதன்மைக் கிளையின்) இன்றைய நுனியோடு எடுத்தது அல்ல, புல் ரிக்வெஸ்டின் கிளை அதிலிருந்து பிரிந்த இடத்தோடு எடுத்தது. நுனியோடு ஒப்பிட்டால் இதற்குச் சம்பந்தமே இல்லாதவர்களின் மாற்றங்களும் உள்ளே வந்து நிற்கும்.

பழைய பதிவுகளைப் பார்த்து, ஃபைலின் வரி எண்ணுக்குப் பதில் டிஃப்பில் எத்தனையாவது வரி என்று சொல்லும் 'பொசிஷன்' முறையில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். @@ -40,6 +40,9 @@ (பழைய ஃபைலில் 40ஆம் வரியிலிருந்து 6 வரி, புதியதில் 40இலிருந்து 9 வரி) என்ற தலைப்பின் கீழே முதல் வரி 1, அடுத்தது 2 என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும். முதல் மூன்று வரிகள் மாறாதவை, அடுத்த மூன்று புதியவை என்றால், புதிய ஃபைலின் 44ஆம் வரிக்கு பொசிஷன் 5. அதே ஃபைலில் அடுத்த @@ வந்தால் அந்தத் தலைப்பு வரியும் எண்ணிக்கையில் சேரும். அங்கேதான் பாதிப் பேர் வழுக்குவார்கள். வரி எண்ணும் பக்கமும் கொடுத்தால் போதும் என்று ஆன பிறகு இந்தத் தலைவலி எதற்கு?

முப்பதோடு நிறுத்துவது

கமெண்ட் பட்டியலை வாங்கும்போது எத்தனை வேண்டும் என்று கேட்காவிட்டால் கிட்ஹப் ஒரு பக்கத்துக்கு 30தான் தரும். கேட்டால் 100 வரை. அடுத்த பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு கமெண்டையும் உடனே அனுப்புவது

பதினான்கு கமெண்ட் எழுதினால் கோட் எழுதியவருக்குப் பதினான்கு மெயில் போகும். மூன்றாவதை எழுதும்போது முதலாவது தப்பு என்று நமக்கே தெரியவரும், அதற்குள் அவர் பதில் எழுதியிருப்பார். ரிவ்யூவை பெண்டிங்கில் (இன்னும் அனுப்பாத வரைவாக) வைத்து, முடித்ததும் மொத்தமாக அனுப்புங்கள்.

நிமிடத்துக்கு நிமிடம் கேட்பது

சாதாரண டோக்கனுக்கு (எக்ஸ்டென்ஷன் கிட்ஹப்பில் நுழையக் காட்டும் ரகசியச் சாவி) கிட்ஹப் அனுமதிப்பது மணிக்கு 5,000 கோரிக்கை. திறந்திருக்கும் 40 புல் ரிக்வெஸ்டுக்குத் தலா மூன்று கோரிக்கை, நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் மணிக்கு 7,200. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எக்ஸ்டென்ஷன் படுத்துவிடும். முந்தைய பதிலோடு வந்த ஈடேக் என்ற அடையாளக் குறியை வைத்துக் கேளுங்கள், மாறவில்லை என்று 304 வந்தால் அது கணக்கில் சேராது.

நட்சத்திரம்

எக்ஸ்டென்ஷன் எப்போது இயங்கத் தொடங்கும் என்று சொல்லும் ஆக்டிவேஷனில், எடிட்டர் திறந்ததுமே என்று பொருள்படும் * போடாதீர்கள். ரிவ்யூ பக்கமே போகாதவருக்கும் எடிட்டர் மெதுவாகத் திறக்கும்.

டோக்கன்

செட்டிங்ஸில் வைக்காதீர்கள். வொர்க்ஸ்பேஸ் செட்டிங்ஸ் ஃபைல் கோட் இருக்கும் ரெப்போவுக்குள்ளேயே இருக்கிறது, யாராவது கமிட் செய்வார்கள். ரகசியங்களை வைக்கவே எடிட்டரில் சீக்ரெட் ஸ்டோரேஜ் இருக்கிறது. அதைவிட, எடிட்டரிடமே கிட்ஹப் லாகினைக் கேட்டு வாங்கினால் டோக்கனைப் பத்திரப்படுத்தும் வேலையே உங்களுக்கு இல்லை. அந்த இருவரின் டோக்கன் கமிட் ஆகியிருந்தது. டெமோ முடிந்ததும் முதலில் அதை ரத்துசெய்ய வைத்துவிட்டுத்தான் வரி எண்ணுக்கு வந்தேன்.