சொதப்பிய கேக்கைக் காப்பாற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

குக்கரைத் திறந்ததும் கேக் நடுவில் குழி விழுந்து கிடந்தால், வீட்டில் யாராவது ஒருவர் "பரவாயில்லை, உதிர்த்து உருண்டை பிடிச்சிடலாம்" என்பார். நல்ல யோசனைதான். ஆனால் அந்த உருண்டையும் சேர்ந்து குப்பைக்குப் போனதை நான் இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன், ஒருமுறை என் கைவண்ணத்திலேயே. கேக்குக்கு என்ன ஆச்சு என்று பார்க்காமலே வைத்தியத்தில் இறங்குவதுதான் காரணம்.

முதலில் கேக்கின் நடுவிலிருந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுப் பாருங்கள் (வெந்திருந்தால் மட்டும்). கோளாறு பதத்திலா, ருசியிலா? அமுங்கியது, காய்ந்தது, உடைந்தது எல்லாம் பதக் கோளாறு. இவற்றுக்கு வழி உண்டு. சோடா உப்பு கூடிப்போய் சோப்பு நெடி அடிக்கும் கேக்குக்கு வழி கிடையாது. அதில் எவ்வளவு கண்டென்ஸ்டு மில்க் ஊற்றினாலும் கண்டென்ஸ்டு மில்க்தான் வீண். சர்க்கரை டப்பாவும் உப்பு டப்பாவும் மாறிய கதைக்கும் இதே தீர்ப்பு. தீய்ந்த கேக் மட்டும் நடுவில் நிற்கும். கருகியதற்கும் மேலாக ஒரு விரல்கடை ஆழம் சேர்த்துச் சீவி எடுத்துவிட்டு மீண்டும் ருசி பாருங்கள். கசப்பு உள்ளேயும் இருந்தால் சாக்லேட் பூசி மறைக்க நினைக்காதீர்கள், மறையாது.

குழி விழுந்த கேக்கில்தான் பெரிய தவறு நடக்கிறது. வேகும்போது பாதியில் மூடியைத் திறந்து பார்த்தாலோ, பேக்கிங் பவுடர் அதிகமானாலோ, அவசரப்பட்டு இறக்கினாலோ நடுப்பகுதி அமுங்கும். அங்கே மாவு வேகாமல் பிசுபிசுப்பாக இருந்தால், அதை அப்படியே உருண்டை பிடிக்கவே கூடாது. பச்சை முட்டை வயிற்றுக்கு ஆகாது என்பது தெரிந்ததுதான், பச்சை மைதாவும் அப்படித்தான். அதிலும் நோய்க்கிருமிகள் இருக்கலாம். கேக் சூடாக இருக்கும்போதே கவனித்துவிட்டால், மேலே அலுமினியத் தாள் மூடி மறுபடி வேக வையுங்கள். எழும்பாது, ஆனால் வேகும். ஆறிய பிறகு தெரிந்தால், வேகாத பகுதியைச் சுரண்டி எடுத்துக் குழிப்பணியாரச் சட்டியில் நெய் விட்டு, மூடி போட்டு, சிறு தீயில் இருபுறமும் வேக விடுங்கள். அது பணியாரமா கேக்கா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது, பிள்ளைகள் கேட்பதில்லை. வெந்த ஓரங்களை உருண்டைக்கு வைத்துக்கொள்ளலாம்.

உருண்டைக்கு வருவோம். சூடான கேக்கை மிக்ஸியில் போட்டு ஓட்டினால் களிம்பாகிவிடும். நன்றாக ஆறட்டும், விரலால் உதிர்த்தாலே போதும். கண்டென்ஸ்டு மில்க்கை டின்னோடு கவிழ்ப்பது அடுத்த தவறு. கால் கிலோ தூளுக்கு 2 மேஜைக்கரண்டியில் ஆரம்பித்து, பிடித்தால் நிற்கும் பதம் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். உருண்டைகளை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் இறுகும். உருக்கிய சாக்லேட்டில் முக்கும்போது, கரண்டியில் ஒட்டியிருக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதைக் கட்டிதட்ட வைத்துவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சூடான சாக்லேட்டில் முக்கினால் மேல் பூச்சு விரிசல் விடும், ஐந்து நிமிடம் வெளியே வைத்திருந்துவிட்டு முக்குங்கள்.

காய்ந்துபோன கேக் என்றால் எல்லாரும் பாலை ஊற்றுகிறார்கள். மேல்பகுதி கூழாகும், அடி அப்படியே வறண்டிருக்கும். அதற்குப் பதில், சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு போட்டுக் காய்ச்சிய பாகை, முள்கரண்டியால் குத்திய கேக்கின் மேல் வெதுவெதுப்பாகப் பூசுங்கள். எனக்குப் பிடித்த வழி வேறு: காய்ந்ததை இன்னும் காய வைப்பது. டீக்கடைக் கண்ணாடி ஜாடியில் இருக்குமே கேக் ரஸ்க், அதுவே இரண்டாம் முறை சுட்ட கேக்தான். விரல் தடிமனுக்கு நறுக்கி, ஓவனில் 150 டிகிரி செல்சியஸில் ஒவ்வொரு பக்கமும் பத்துப் பதினைந்து நிமிடம். நிறம் மாறவில்லையே என்று சூட்டைக் கூட்டினால் வெளியே சிவந்து உள்ளே மெத்தென்று நிற்கும். ஆறும்போதுதான் மொறுமொறுப்பு வரும், அதனால் சூட்டோடு கடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே தள்ளாதீர்கள். முட்டை அடித்துச் செய்த ஸ்பான்ஞ்சுக்குத்தான் இது சரிவரும்.

மாவை அடித்து அடித்துக் கட்டியாகிவிட்ட கேக்கை ரஸ்க் போட்டால் பல்லுக்குச் சோதனை. அதைத் துண்டாக்கி, அரை லிட்டர் பாலுக்கு மூன்று முட்டை அடித்து ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிட்டு, இட்லிப் பானையில் புட்டிங்காக வேக வையுங்கள். கேக்கிலேயே இனிப்பு இருப்பதை மறந்து வழக்கமான அளவு சர்க்கரையைக் கொட்டுவதும், மேலே மூடாமல் வைத்து நீராவித் தண்ணீர் சொட்ட விடுவதும்தான் இதைக் கெடுக்கும்.

உடைந்த கேக்கை கஸ்டர்டும் பழமும் அடுக்கி டிரைஃபிளாகச் செய்வது எல்லாவற்றிலும் சுலபம். இதில் பெரிய பொறி அன்னாசி. பச்சையாகப் போட்டால் அதில் உள்ள நொதி பால் புரதத்தைச் சிதைத்து, சில மணி நேரத்தில் கசப்பேற்றிவிடும். ஜெலட்டின் ஜெல்லியையும் உறைய விடாது (கடல்பாசிக்கு அந்தத் தொல்லை இல்லை). சர்க்கரை போட்டு ஒரு கொதி விட்டு, ஆற வைத்துச் சேருங்கள். மாம்பழம், மாதுளை, திராட்சைக்கு இது தேவையில்லை. பால் சேர்ந்த பண்டம் என்பதால் நம் ஊர் வெயிலில் மேஜை மேல் விட்டு வைக்காமல் செய்தவுடன் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள் காலி செய்துவிடுங்கள்.