நாய்க்கு ஒரு நோட்டு: உடம்பும் மனசும் தேற இலக்கு வைப்பது எப்படி

போன வருடம் ஜனவரியில் எங்கள் ஜிம்மியைத் தடுப்பூசிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது எடை மெஷின் 36 கிலோ காட்டியது. ஏழு வயது லேப்ரடார், பெண். முந்தைய வருடச் சீட்டில் 32தான் இருந்தது. டாக்டர் திட்டவில்லை, விலாவில் கை வைத்துப் பார்க்கச் சொன்னார், எனக்கு எலும்பே தட்டுப்படவில்லை. வீட்டுக்கு வந்து "இனிமேல் ஜிம்மியை நல்லா பார்த்துக்கணும், நிறைய நடக்க வைக்கணும்" என்று எல்லோரும் பேசினோம். மார்ச்சில் மறுபடி பார்த்தால் 36.4. அக்கறை எல்லோருக்கும் இருந்தது. யார் செய்வது, என்ன செய்வது, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று யாரும் சொல்லவில்லை. அதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுத ஆரம்பித்த பிறகுதான் எடை இறங்கியது. எப்படிச் செய்தோம் என்று, முதல்முறை நாய் வளர்ப்பவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன்.

பூனை வைத்திருப்பவர்களும் இதில் பாதியைப் பயன்படுத்தலாம், ஆனால் சாப்பாட்டை மட்டும் திடீரென்று வெட்டாதீர்கள். குண்டான பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

படி 1: மூன்று நாள் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

முதலில் எடை. சின்ன நாய் என்றால் தூக்கிக்கொண்டு மெஷினில் நின்று, பிறகு நீங்கள் மட்டும் நின்று, கழித்துக்கொள்ளுங்கள். பெரிய நாயை கிளினிக்கில் பாருங்கள், எடை மட்டும் பார்க்க வந்தேன் என்று சொன்னால் பெரும்பாலும் ஒன்றும் வாங்கமாட்டார்கள்.

அடுத்தது விலா. உங்கள் கையை நீட்டி, புறங்கையை மற்ற கை விரலால் தடவிப் பாருங்கள். மெல்லிய தோலுக்கு அடியில் எலும்பு தெரிகிறது இல்லையா, நாயின் விலாவும் அப்படி இருந்தால் சரி. உள்ளங்கையைத் தடவுவது போல மெத்தென்று இருந்தால் எடை அதிகம். முஷ்டியை மடக்கி விரல் முட்டிகளைத் தடவுவது போலத் துருத்திக்கொண்டிருந்தால் மெலிவு. மேலிருந்து பார்க்கும்போது இடுப்பு உள்வாங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். டாக்டர்கள் இதையே 9 வரைக்கும் மார்க் போட்டுச் சொல்வார்கள், 4 அல்லது 5 வந்தால் நல்ல உடம்பு. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நம் ஊர் வேட்டை நாய்களுக்குக் கடைசி ஒன்றிரண்டு விலா கண்ணுக்கே தெரிவது இயல்பு. "சோறே போடுறதில்லையா?" என்று தெருவில் யாராவது கேட்டார்கள் என்பதற்காக அதைக் கொழுக்க வைக்காதீர்கள்.

பிறகு மூச்சு. நன்றாகத் தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள், ஏறி இறங்கினால் ஒன்று. 30க்குக் கீழே இருக்க வேண்டும். தொடர்ந்து அதற்கு மேலேயே போனால் இலக்கு, நோட்டு எல்லாம் அப்புறம், முதலில் டாக்டரிடம் போங்கள்.

கடைசியாக, வாய்க்குள் போகிற ஒவ்வொன்றையும் எழுதுங்கள், யார் கொடுத்தாலும். எங்கள் வீட்டில் எல்லோர் கண்ணையும் திறந்தது இந்தப் பட்டியல்தான். அவளுடைய தட்டில் விழுந்த சாப்பாடு ஒன்றும் அதிகமில்லை. அப்பா காலைக் காபியோடு நான்கு மேரி பிஸ்கட் கொடுத்தார், அதுவே கிட்டத்தட்ட 100 கலோரி. அம்மா கல்லிலிருந்து எடுத்த முதல் தோசையைக் கொடுத்தார், அதில் இன்னொரு நூறுக்கு மேல். ராத்திரி மீந்த தயிர் சோறு நான் போட்டது. ஒருவர் கொடுப்பது அடுத்தவருக்குத் தெரியாது, மூன்று பேருமே "நான் கொஞ்சம்தானே கொடுத்தேன்" என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

படி 2: நோட்டோடு டாக்டரைப் பாருங்கள்

தைராய்டு குறைவாக இருந்தாலும் எடை ஏறும். மூட்டு வலி இருக்கிற நாய் நடக்க மறுக்கும், நாம் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொள்வோம். அதனால் சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள், இருக்க வேண்டிய எடை எவ்வளவு என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். எங்களுக்கு 30 கிலோ என்றார். தனியார் கிளினிக் செலவு கட்டுப்படியாகாதவர்கள் தயங்க வேண்டாம், சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது, மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருந்தகம் இருக்கும்.

படி 3: இரண்டே இரண்டு இலக்கு

உடம்புக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று. பல், உண்ணி, நகம், பயிற்சி என்று ஏழெட்டு எழுதினால் இரண்டாவது வாரமே நோட்டு அலமாரிக்குப் போய்விடும். எழுதும் வாக்கியத்தில் ஒரு எண், ஒரு தேதி, ஒரு ஆள் பெயர் இருக்கட்டும். "ஜிம்மி ஒல்லியாகணும்" என்று எழுதினால் யாருக்கும் வேலை இல்லை. நாங்கள் எழுதியது: "மாதம் ஒன்றரை கிலோ வீதம் 30 கிலோவுக்கு வர வேண்டும். சாப்பாடு எடை போடுவது நான், சனிக்கிழமை கிளினிக்குக் கூட்டிப்போவது தம்பி."

ஒன்றரை கிலோ எங்கிருந்து வந்தது? நாய் வாரத்துக்குத் தன் எடையில் 1 முதல் 2 சதவீதம் வரை இறங்கலாம், அதைவிட வேகம் கூடாது. 36 கிலோவுக்கு ஒரு சதவீதம் 360 கிராம், நான்கு வாரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 48 லேப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்வாசி குறைவாகச் சாப்பாடு கொடுத்து வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள், 2002ல் முடிவு வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் அதிகமாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் தாமதமாகவே வந்தது. நாயின் ஆயுளில் இரண்டு வருடம் என்பது எவ்வளவு பெரியது!

படி 4: சாப்பாட்டுக் கணக்கு

இருக்க வேண்டிய எடையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அதாலேயே பெருக்கி, இன்னொரு தடவையும் பெருக்குங்கள். 30 × 30 × 30 = 27,000. போன் கால்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தடவை அழுத்துங்கள், 12.8 வரும். அதை 70ஆல் பெருக்கினால் சுமார் 900. எடை குறைக்க ஒரு நாளுக்கு அத்தனை கலோரியில் தொடங்கலாம். டாக்டரிடம் காட்டி, உங்கள் நாய்க்கு ஏற்ற மாதிரி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டம் போகக் கூடாது. எங்களுக்கு 90 கலோரி. மீதியை டிரை ஃபுட் பாக்கெட்டின் பின்னால் இருக்கும் எண்ணை வைத்துக் கணக்கிடுங்கள். கிலோவுக்கு 3,500 என்று போட்டிருந்தால் 230 கிராம் 805 கலோரி. கப்பால் அளக்காதீர்கள், ஒரே கப்பில் ஒவ்வொருவர் கை ஒவ்வொரு அளவு அள்ளும். கிச்சன் தராசு ஒன்று வாங்குங்கள். வீட்டிலேயே சமைத்துப் போடுபவர்கள் அதற்கான பட்டியலை டாக்டரிடமே வாங்கிக்கொள்வது நல்லது, வெறும் சோறும் கோழியும் போட்டால் கால்சியம் போதாது.

கணக்கு போடுவது சுலபம், கேட்கிற கண்ணைப் பார்த்துக்கொண்டு கொடுக்காமல் இருப்பதுதான் கஷ்டம். லேப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசியோடு தொடர்புள்ள ஒரு மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016ல் கண்டுபிடித்தார்கள். ஜிம்மிக்கு அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எப்படியிருந்தாலும் அவள் கேட்பதைப் பேராசை என்று நான் இப்போது நினைப்பதில்லை. அப்பாவுக்கும் காலையில் அவளுக்கு ஏதாவது கொடுத்தால்தான் காபியே இறங்கும். அதை நிறுத்தச் சொன்னால் இரண்டு பேருக்கும் வருத்தம். அதனால் அன்றைய 230 கிராமிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்து, சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு, காபி டம்ளர் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொன்றாகக் கொடுக்கட்டும், பத்து நிமிடம் ஆகட்டும். அவளுக்கு மேரி பிஸ்கட்டும் அதுவும் ஒன்றுதான், கொடுக்கிற கைதான் முக்கியம். இந்த முறையில் எனக்கு அதிகம் உதவியது இந்த டப்பாதான்.

தின்பண்டமாக கேரட், வெள்ளரிக்காய், உப்பில்லாமல் வேகவைத்த பீன்ஸ் கொடுக்கலாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், சர்க்கரையில்லாத சூயிங்கம் எல்லாம் நாய்க்கு விஷம். சாம்பார் சோற்றிலும் பிரியாணியிலும் வெங்காயம் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

படி 5: நடை

முதல் வாரம் காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம், பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். சென்னை வெயிலில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுவது நல்லது. சாயங்காலம் கிளம்பும் முன் புறங்கையை ரோட்டில் ஏழு விநாடி வையுங்கள், உங்களால் தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

ஒரு நடையாவது மூக்குக்காக இருக்கட்டும். எந்த மரத்தடியில் எவ்வளவு நேரம் மோந்தாலும் இழுக்காதீர்கள். நாய்க்குத் தெருவைப் படிப்பது மூக்கால்தான், இருபது நிமிடம் மோந்து பார்த்துவிட்டு வந்த நாய் நிம்மதியாகப் படுத்துத் தூங்குவதை நீங்களே பார்க்கலாம்.

திரும்பி வந்ததும் காது, அக்குள், கால்விரல் இடுக்கில் உண்ணி பாருங்கள். உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் சுவர் விரிசலிலும் மூலையிலும்தான் கழிக்கிறது, அதனால் ஒரு தடவை மருந்து போட்டுவிட்டு நிறுத்தினால் திரும்ப வரும். டாக்டர் சொன்ன இடைவெளியில், காலண்டரில் வட்டம் போட்டு, விடாமல் கொடுங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்து படுத்த நாயைப் பார்த்தவர்கள் இதில் அலட்சியமாக இருக்கமாட்டார்கள்.

படி 6: மனசுக்கான இலக்கு

"சந்தோஷமாக இருக்கணும்" என்பதை அளக்க முடியாது. ஆனால் பந்தைத் தானாகத் தூக்கிக்கொண்டு வருவதை எண்ணலாம், தனியாக விட்டால் எத்தனை நிமிடம் குரைக்கிறது என்று பார்க்கலாம். ஜிம்மிக்கு வெடிச் சத்தம் பயம், போன தீபாவளிக்கு முந்தின தீபாவளியில் இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தாள், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதனால் எங்கள் இலக்கு: "தீபாவளி அன்று கட்டிலுக்கு வெளியே வந்து சாப்பிட வேண்டும்."

இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். போனில் பட்டாசுச் சத்தத்தைக் காதில் விழுந்தும் விழாத அளவுக்கு வைத்து, சத்தம் வரும்போதெல்லாம் டப்பாவிலிருந்து ஒன்று கொடுங்கள். தினமும் ஐந்து நிமிடம் போதும். காதைப் பின்னால் மடக்கினாலோ, உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாலோ, தூக்கம் வராமலே கொட்டாவி விட்டாலோ சத்தம் அதிகம் என்று அர்த்தம், குறைத்துவிடுங்கள். அவசரப்பட்டு ஏற்றினால் பயம் கூடத்தான் செய்யும். பண்டிகை அன்று வெளிச்சம் இருக்கும்போதே நடையை முடித்து, ஜன்னல் சாத்திய அறையில் ஃபேன் சத்தத்தோடு கூடவே யாராவது உட்காருங்கள். நடுங்கி எச்சில் ஒழுகுகிற அளவுக்குப் பயப்படும் நாய்க்கு டாக்டரிடம் மருந்து உண்டு, முன்கூட்டியே கேளுங்கள். வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்.

படி 7: சனிக்கிழமை

எடையை நோட்டில் எழுதி, ஃப்ரிட்ஜ் கதவிலும் ஒட்டுங்கள். ஒரு வாரம் ஏறினால் கவலைப்பட வேண்டாம். மூன்று வாரம் அசையவில்லை என்றால் சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன் வேறு யாராவது கொடுக்கிறார்களா என்று விசாரியுங்கள். ஜூலையில் எங்களுக்கு எடை 33லேயே நின்றுவிட்டது. கீழ் வீட்டுப் பாட்டி தினமும் இரண்டு இட்லி கொடுத்துவந்தார், பாசத்தில்தான். சொன்னதும் அவருக்கு முகம் வாடிவிட்டது. பாட்டிக்கும் ஒரு டப்பா கொடுத்தோம், இப்போது அவரே "இன்னிக்கு டப்பா வரலையே" என்று மாடிக்குக் குரல் கொடுக்கிறார். விசாரித்தும் ஒன்றும் இல்லை என்றால் டாக்டரிடம் கேட்டு அளவைக் குறையுங்கள்.

நான்கரை மாதத்தில் முடியும் என்று கணக்குப் போட்டது எட்டு மாதம் இழுத்தது. நவம்பரில் 30.2 கிலோ. இரண்டாவது மாடிக்கு நடுவில் உட்காராமல் ஏறுகிறாள். தீபாவளி அன்று காலையில் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தாள், மத்தியானம் தானாக வெளியே வந்து அப்பா கையிலிருந்து சாப்பிட்டாள்.

நோட்டில் இப்போது அடுத்த பக்கம் ஓடுகிறது, பல். முதல் வாரம் வெறும் விரலால் ஈறைத் தொட்டுப் பழக்குவது, அடுத்த வாரம் விரலில் துணி சுற்றித் தேய்ப்பது, பிறகுதான் பிரஷும் நாய்களுக்கென்றே விற்கும் பேஸ்ட்டும். நம் பேஸ்ட் கூடாது, அவளுக்குத் துப்பத் தெரியாது. பொறுப்பு: தம்பி, ராத்திரி ஒன்பது மணி.