சொத்தைப் பல்லும் புழுவெட்டும்: எதை முதலில் பார்ப்பது?

தலையில் காசளவுக்குத் திடீரென முடி உதிர்ந்து தோல் வழவழப்பாகத் தெரியும் புழுவெட்டு வந்தால், மதுரைப் பக்கத்தில் சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்க்கச் சொல்வார்கள்; அதில் கேட்காவிட்டால் கீழமாசி வீதியின் நாட்டு மருந்துக் கடைகள் இருக்கின்றன. இவற்றோடு, கடைவாய்ச் சொத்தைப் பல்லைப் பிடுங்கினால் முடி வந்துவிடும் என்ற யோசனையும் சிலரிடம் உண்டு. மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று அஞ்சுகிற அதே ஊரில் இப்படியும் ஒரு நம்பிக்கை இருப்பது வேடிக்கைதான்.

ஆனாலும் சொத்தைப் பல்லுக்கும் புழுவெட்டுக்கும் தொடர்பு உண்டு என்பதை வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள் மயிர்க்கால்களையே தாக்குவதால் வருவது புழுவெட்டு. பல் வேரில் நாள்பட்ட சீழ் இருந்த சிலருக்கு, அதற்குச் சிகிச்சை அளித்தபின் முடி மீண்டும் முளைத்ததாக மருத்துவ இதழ்களில் தனித்தனிக் குறிப்புகள் வந்துள்ளன. எனினும், சிறிய திட்டுகள் பலருக்கு எந்தச் சிகிச்சையும் இல்லாமலே ஓராண்டுக்குள் மூடிக்கொள்வதால், பல்லைப் பிடுங்கியபின் முளைத்த முடி அதனால்தான் முளைத்தது என்று கூற அக்குறிப்புகள் போதா. வெங்காயத்துக்குக் கிடைத்திருக்கும் நல்ல பெயரிலும், இப்படித் தானாகவே முடி முளைப்பதற்கு ஒரு பங்கு உண்டு.

ஆகவே பல்லைத் தேடுவதற்கு முன், முடி எப்படிப் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் அமர்ந்து, வீட்டில் ஒருவரைத் திட்டின் ஓரத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். அங்கே நுனி தடித்து, வேர்ப்பக்கம் மெலிந்து, ஆச்சரியக்குறி போல நிற்கும் குட்டை முடிகள் தென்பட்டால் அது பெரும்பாலும் புழுவெட்டே. திட்டில் செதிலும் அரிப்பும் இருந்து, முடி ஒடிந்து கிடந்தால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, அது படை என்னும் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து தேவைப்படும். ஆண்களுக்கு நெற்றியோரம் ஏறுவதும் பெண்களுக்கு வகிடு அகல்வதும் பெரும்பாலும் பரம்பரை வழுக்கை. அதில் பல்லுக்கு வேலையில்லை.

தலை முழுவதும் கொத்துக் கொத்தாகக் கொட்டினால் இரண்டு மூன்று மாதம் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். பல் சீழ்கட்டிக் கடும் காய்ச்சல் அடித்திருந்தாலோ, மெல்ல முடியாமல் வாரக்கணக்கில் வெறும் கஞ்சியோடு காலம் தள்ளியிருந்தாலோ, அந்த உடல் அயர்ச்சியின் விளைவு இப்போதுதான் சீப்பில் தெரியும். பல்லுக்கும் முடிக்கும் இடையே சொல்லப்படும் வழிகளில் எனக்கு மிகவும் நியாயமாகப் படுவது இதுதான். காரணம் நீங்கிவிட்டால், சாதாரணமாக ஆறு மாதத்துக்குள் கொட்டுவது நின்றுவிடும். பருப்பு, முட்டை, கீரை, மீன் என்று சாப்பாட்டைச் சீராக்குவதும் உதவும்.

பல் மருத்துவரிடம் போகும்போது வலி, ஈறில் இரத்தம், பல் ஆட்டம் ஆகியவற்றைச் சொல்லி, தேவையானால் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். கெட்ட பல்லுக்குச் சிகிச்சை அந்தப் பல்லின் நலனுக்காகவே அவசியம்; முடியை எதிர்பார்த்து நல்ல பல்லைப் பிடுங்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். ஈறு நோய் தீராமல் இழுத்தால் சர்க்கரை அளவைப் பார்த்துவிடுவது நல்லது. முகம் வீங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனால் முடியைப் பற்றிய யோசனையை விட்டுவிட்டு, அன்றே பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

தோல் மருத்துவரைப் பார்ப்பதைப் பல் வேலை முடியும்வரை தள்ளிப்போடக் கூடாது. அவர் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு ஆகிய சோதனைகளை எழுதித் தரலாம். முடிக்காக பயோட்டின் என்னும் வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அது தைராய்டு முடிவைத் தவறாகக் காட்டக்கூடும். கன்னத்தின் உட்புறம் வலைபோல வெள்ளைக் கோடுகளும், உச்சந்தலையில் மயிர்க்காலைச் சுற்றிச் சிவப்பும் சேர்ந்து இருந்தால் விரைந்து காட்டுங்கள். அவை லைக்கன் பிளானஸ் என்னும் நோயின் அறிகுறிகளாக இருக்கலாம்; அது தலையில் தழும்பாகிவிட்டால் அங்கே முடி திரும்ப முளைக்காது.

பல்லும் முடியும் உண்மையாகவே ஒரே வேரிலிருந்து பாதிக்கப்படுவது குழந்தைகளிடம் காணப்படும் ஒரு பிறவிக் குறைபாட்டில்தான். கருவில் புறப்படலம் என்னும் ஒரே வெளி அடுக்கோடு தொடர்புடையவை பல், முடி, வியர்வைச் சுரப்பி மூன்றும். பற்கள் சிலவே முளைத்து, முளைத்தவையும் கூம்பாக இருந்து, முடி மெலிந்து, குழந்தைக்கு வியர்வையும் வராமல் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்ட வேண்டும். வியர்க்காத உடல் சூட்டைச் சரியாக வெளியேற்ற முடியாது என்பதால், சித்திரை வெயிலில் அக்குழந்தையை உச்சிவேளையில் வெளியே அழைத்துச் செல்லாமல், ஈரத்துணியால் அடிக்கடி உடம்பைத் துடைத்துவிடுங்கள்.