குவெரிக்குள் வேரியபிளை அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைத்தானில் டேட்டாபேஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களின் ஸ்கிரிப்டுகளை அடிக்கடி பார்க்கிறேன். ஸ்ட்ரிங்கை ஒட்டி குவெரி (டேட்டாபேஸுக்குத் தரும் கட்டளை) எழுதக்கூடாது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். தெரிந்த பிறகும் விழுகிற இடங்கள்தான் இவை.

காற்புள்ளிக்குப் பதில் சதவீதக் குறி

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைப் பைத்தானோடு இணைக்கும் டிரைவரான சைக்கோபிஜி2-வில், மதிப்பு வர வேண்டிய இடத்தில் சதவீதக் குறியும் 'எஸ்' எழுத்தும் போடுகிறோம். பைத்தானின் பழைய ஸ்ட்ரிங் ஃபார்மேட்டிங்கிலும் அதே குறிதான். குவெரிக்குப் பிறகு காற்புள்ளி போட்டால், மதிப்பு, குவெரியை இயக்கும் எக்ஸிகியூட்டுக்குத் தனியாகப் போகும்; எஸ்கேப் செய்வதை, அதாவது மதிப்பில் உள்ள குறிகள் குவெரியை உடைக்காமல் காப்பதை, டிரைவர் பார்த்துக்கொள்ளும். காற்புள்ளியின் இடத்தில் சதவீதக் குறி போட்டால், டிரைவர் கைக்கு வருவதற்குள் மதிப்பு குவெரியோடு கலந்துவிடும்.

முதலில் பிழை வரும்: 'முருகன்' என்று ஒரு நெடுவரிசை இல்லை என்று போஸ்ட்கிரெஸ் சொல்லும். அங்கேயே நின்று யோசித்திருக்கலாம். ஆனால் குறியைச் சுற்றி ஒற்றை மேற்கோள் போடுகிறார்கள். முருகன், செல்வி எல்லாம் ஒழுங்காகப் பதிவாகும். பெயருக்குள்ளேயே மேற்கோள் உள்ள டி'சோசா வந்ததும் குவெரி உடையும்.

ஒரு விடுதிக் கட்டண ஸ்கிரிப்டில் இந்த நிலைக்கு வந்த ஒருவர், பெயர்களில் உள்ள மேற்கோளையெல்லாம் ரீப்ளேஸ் போட்டு நீக்கிவிட்டார். மாணவியின் பெயர் தப்பாகப் பதிவானது, பாதுகாப்பும் வரவில்லை. அறை எண் மேற்கோள் இல்லாமலேதான் உள்ளே போய்க்கொண்டிருந்தது. எண்ணுக்குப் பின்னால் 'ஆர் 1=1' (அல்லது 1=1, எப்போதும் உண்மையாகும் நிபந்தனை) சேர்த்தால், நீக்கும் குவெரி டேபிள் முழுவதையும் காலி செய்துவிடும். நகல் டேபிளில் செய்து காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

சரி, என்ன செய்வது? மேற்கோளை எடுங்கள், காற்புள்ளி போடுங்கள். எண்ணுக்கும் அதே 'எஸ்'தான், ஃபார்மேட்டிங்கில் எண்ணுக்குப் போடும் 'டி' வேண்டாம்.

ஒற்றை மதிப்பு டூப்பிள்

எஸ்கியூலைட் டேட்டாபேஸில் மதிப்பு வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி போடுகிறோம். அதற்கு ஒரே மதிப்பை அனுப்பும்போது, அடைப்புக்குள் கடைசிக் காற்புள்ளியைப் போடாமல் விட்டால் அது டூப்பிள் (மதிப்புகளின் தொகுப்பு) ஆகாது, வெறும் ஸ்ட்ரிங். ஒவ்வொரு எழுத்தும் தனி மதிப்பாகி, எண்ணிக்கை பொருந்தவில்லை என்று பிழை வரும். ஓரெழுத்து கிரேடை வைத்துச் சோதித்தால் பிழையே வராது. அதனால் நீளமான மதிப்பை வைத்தே சோதியுங்கள்.

டேபிள், நெடுவரிசைப் பெயர்கள்

இவற்றை மதிப்பு போல அனுப்ப முடியாது. அனுமதித்த பெயர்ப் பட்டியலில் இருந்தால் மட்டும் சேருங்கள்.

லைக் தேடல்

ஒரு பகுதியை வைத்துத் தேடும் லைக்கில், 'இங்கே எந்த எழுத்தும் வரலாம்' என்பதைக் குறிக்கும் சதவீதக் குறியை மதிப்போடு சேர்த்து அனுப்புங்கள், குவெரியில் எழுதாதீர்கள்.