படகுக்கு முன் திதியைப் பாருங்கள்: சிங்கப்பூரில் வாடகைப் படகில் மீன்பிடிக்க

எங்கள் சமையலறைக் கதவருகே லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கிய தினசரி நாட்காட்டி ஒன்று எப்போதும் தொங்கும். அம்மா அதில் நல்ல நேரம் பார்ப்பார், அப்பா திதி பார்ப்பார். அஷ்டமி, நவமியில் அம்மா எந்தக் காரியத்தையும் தொடங்கமாட்டார். அப்பாவோ அந்த நாள்கள் வருவதற்காகவே தூண்டில் கோலைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர் அவர். கடலைப் பற்றி நான் அறிந்தவற்றில் பாதி அவர் சொன்னது. மறுபாதி, அவர் சொன்னதைக் கேட்காமல் போய் வெறுங்கையோடு திரும்பிக் கற்றது.

ஆண்டுக்கு நான்கைந்து முறை தம்பி, அக்கா குடும்பத்தினருடன் படகை வாடகைக்கு எடுத்துப் போகிறேன். தெரிந்தவர்கள் பலரும் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தப் படகு நல்லது?" என்பதுதான். அந்தக் கேள்வி இரண்டாவதாக வரவேண்டும். எல்லாருக்கும் விடுமுறையாக இருக்கும் சனிக்கிழமையைப் பிடித்து முன்பணம் கட்டிவிட்டு, பிறகு மீன் கடிக்கவில்லை என்று படகோட்டியைக் குறைசொல்வது நியாயமில்லை. நாளைத் தேர்ந்தெடுங்கள், பிறகு இடம், அதற்குப் பிறகு படகு.

சிங்கப்பூரைச் சுற்றிய கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் மூன்று மீட்டரை நெருங்கும். அத்தனை தண்ணீரும் ஆறு மணி நேரத்துக்குள் தீவுகளுக்கு நடுவே ஓடியாக வேண்டும். அஷ்டமியன்று நிலவும் சூரியனும் செங்கோணத்தில் நின்று இழுப்பதால் அந்த வித்தியாசம் சுருங்குகிறது, நீரோட்டமும் தணிகிறது. அந்தத் தணிவு அன்றே முழுமையாக வந்துவிடாது. ஓரிரு நாள் தாமதமாக, நவமி தசமியில்தான் தெளிவாகத் தெரியும்.

தெற்கே, சிங்கப்பூர் நீரிணையில் 30, 40 மீட்டர் ஆழத்தில் அடிமட்டத் தூண்டில் போடப் போகிறீர்களா? அப்படியானால் இந்தத் தணிந்த நாள்களே வேண்டும். பௌர்ணமியன்று அங்கே 300 கிராம் ஈயக்குண்டு கட்டினாலும் தரையைத் தொடுவதற்குள் தூண்டில் நரம்பு படகின் பின்னால் கிடையாக ஓடிவிடும். தசமியன்று அதே இடத்தில் 100 கிராம் போதும், இரை பாறையருகே அமைதியாக உட்காரும்.

வடக்கே, புலாவ் உபின் தீவுப் பக்கம் கணக்கு தலைகீழ். ஜோகூர் நீரிணையை 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலம் நடுவே அடைத்து நிற்பதால், கிழக்குப் பக்கத்து நீர் முட்டுச்சந்துக்குள் நுழைந்து வந்த வழியே திரும்புகிறது. தணிந்த நாள்களில் அது ஏறக்குறைய தேங்கியே கிடக்கும். 2014, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளின் தொடக்கத்திலும் அங்குள்ள பண்ணைகளில் மீன்கள் கூட்டமாக மாண்டது பலருக்கு நினைவிருக்கும். வெயிலும் வலுவற்ற நீரோட்டமும் சேர்ந்த நேரத்தில் பெருகிய நுண்ணுயிர்ப் பாசிதான் காரணம். ஆகவே உபின் பக்கம் போக, அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ முன்னும் பின்னும் உள்ள மூன்று நான்கு நாள்களைப் பிடியுங்கள். நீர் நகர்ந்தால்தான் அங்கே கொடுவா நகரும்.

திதி நாளைத்தான் சொல்லும். மணி தெரிய, அந்த நாளின் ஏற்ற வற்ற அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். நீர் திரும்புவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் திரும்பிய பிறகு வரும் ஒரு மணி நேரமும் எனக்கு மிகுதியாகப் பலன் தந்திருக்கின்றன. அந்த இரண்டு மணி நேரத்தில் யாரும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது என்பது எங்கள் படகில் சட்டம்.

இனி மாதங்கள். டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம்வரை வடகிழக்குப் பருவக்காற்று, நம் முன்னோர் சொன்ன வாடை. டிசம்பர், ஜனவரியில் மழை நாள் கணக்கில் கொட்டும். பிப்ரவரியில் மழை விட்டுக் காற்று மட்டும் நிற்கும். இந்தக் காலத்தில் நான் உபின் பக்கமே போகிறேன். ஜோகூர் நிலப்பரப்பு காற்றை ஓரளவு தடுக்கிறது. பெருமழைக்குப் பின் ஆற்றுத் தண்ணீர் பழுப்பாக இறங்கும்போது அதன் ஓரத்தில் உயிர் இறால் போட்டு நல்ல கொடுவா பிடித்திருக்கிறோம். சந்தையில் சியாகாப் என்று விற்கிறார்களே, அதே மீன்தான்.

மார்ச் கடைசி முதல் மே வரையும், அக்டோபர் நவம்பரிலும் காற்று அடங்கியிருக்கும். தென்தீவுகளுக்கு இதுவே என் காலம். காலையில் கடல் எண்ணெய் தடவியது போல் கிடக்கும். பிற்பகலில் இடி வரும். எனவே விடியற்காலையில் கிளம்பி மதியம் கரைசேரும் பயணமாகவே பேசுங்கள். சீனர்களின் ஒன்பதாம் மாதத்தில், பெரும்பாலும் அக்டோபரை ஒட்டி, கூசு தீவுக்கு யாத்திரிகர்கள் படகு படகாகப் போவார்கள். அப்போது அந்தப் பக்கம் படகு நடமாட்டம் அதிகம், வேறு இடம் பாருங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. இந்தக் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை எப்போது வேண்டுமானாலும், குறிப்பாக விடியலுக்கு முன்னும் காலை வேளையிலும், சுமத்ரா என்று நாம் அழைக்கும் புயல்காற்று வரிசை மேற்கிலிருந்து வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதம், செயிண்ட் ஜான்ஸ் தீவுக்குத் தெற்கே நின்றிருந்தோம். மேற்கே அடிவானத்தில் சுருட்டி வைத்த பாய் போல ஒரு கருமேகம். "ஐயா, திரும்பிவிடலாம்" என்றேன். "இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது அக்கா, இப்போதுதான் மீன் வருகிறது" என்றார் படகோட்டி. பத்து நிமிடத்தில் காற்று வந்தது. கூரைத் துணி கிழிந்து பறந்தது. என் அக்கா மகன், பதினொரு வயது, என் இடுப்பைக் கட்டிக்கொண்டு நடுங்கினான். தீவின் மறைவுக்குள் படகைக் கொண்டுபோக நாற்பது நிமிடம் ஆனது. அன்றிலிருந்து முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஒரு வார்த்தை வாங்கிக்கொள்கிறேன்: திரும்பலாம் என்று நான் சொன்னால் திரும்பவேண்டும், மீதி நேரத்துக்குப் பணம் திருப்பிக் கேட்கமாட்டேன். இதற்கு ஒப்பாத படகில் நான் ஏறுவதில்லை. நீங்களும் ஏறாதீர்கள். போகும் நாள் காலையில் வானிலை ஆய்வகத்தின் மழை ரேடார் படத்தைப் பாருங்கள். மேற்கே வில்போல வளைந்த சிவப்புப் பட்டை தெரிந்தால் படகுத்துறையிலேயே காத்திருங்கள். மின்னல் தொடங்கினால் கார்பன் கோல்களைப் படுக்கப் போடுங்கள், அவை மின்சாரத்தைக் கடத்தும்.

படகோட்டியிடம் கேட்கவேண்டியவை சில. கடல்துறை துறைமுக ஆணையத்தின் உரிமம் படகுக்கும் ஓட்டுபவருக்கும் இருக்கிறதா, எத்தனை பேருக்கு அனுமதி, குழந்தை அளவில் உயிர்காப்பு அங்கி உண்டா, வாடகையில் இரையும் எரிபொருளும் அடங்குமா, புறப்படுவது எந்தத் துறையிலிருந்து. பெண்களுக்காக ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: கழிப்பறை இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். திறந்த சிறு படகுகளில் இருக்காது. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வெயிலில் எட்டு மணி நேரம் இருந்து மயங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போகக்கூடாத இடங்களும் உண்டு. சிஸ்டர்ஸ் தீவுகள் 2014 முதல் கடல் பூங்கா, அங்கே தூண்டில் போடக்கூடாது. லாசரஸ் தீவின் தெற்கிலும் கூசு பவளத்திட்டிலும் இரண்டாவது பூங்கா அமையும் என்று 2024இல் அறிவித்திருக்கிறார்கள். பவளம் பிழைத்தால்தான் பாறை மீனான களவாயின் குஞ்சு பிழைக்கும், ஆகவே எனக்கு இதில் மகிழ்ச்சியே. சூடோங், செனாங், பாவாய் தீவுகள் ராணுவத்தின் குண்டுப் பயிற்சிப் பகுதி. தெக்கோங் தீவும் ராணுவத்துடையது. பெரிய கப்பல்களின் பாதையில் நிறுத்தும்படி படகோட்டியை வற்புறுத்தவே வேண்டாம்.

தூண்டிலுக்கு வருவோம். தெற்கே, 30 பவுண்டு பின்னல் நரம்பு, முனையில் 40 பவுண்டு நைலான் நரம்பு ஒன்றரை மீட்டர், அதற்கு மேலே ஓடும் ஈயக்குண்டு. இரைக்கு உயிர் இறால். கொம்பின் அடியில், தலைக்குள் தெரியும் கறுப்புப் புள்ளியைத் தொடாமல் தூண்டில் முள்ளைக் குத்துங்கள், அந்தப் புள்ளியில் பட்டால் இறால் உடனே செத்துவிடும். ஈயம் தரையைத் தட்டியதும் இரண்டு சுற்று மேலே எடுத்து நிறுத்துங்கள். களவாய் கடித்தால் யோசிக்க நேரமில்லை, ஒரே மூச்சில் மேலே இழுக்கவேண்டும்; பாறைப் பொந்துக்குள் தலை நுழைந்துவிட்டால் மீனும் போகும், முள்ளும் போகும். திருக்கை அப்படியில்லை. அது தரையில் ஒட்டிக்கொண்டு பாரமாகக் கிடக்கும். நரம்பை விறைப்பாகப் பிடித்துப் பொறுமையாக நிற்கவேண்டும்.

திருக்கையின் வால்முள்ளும் செம்பிலாங் கெளுத்தியின் செவுள் பக்கத்து முள்ளும் விஷம் கொண்டவை. பயணத்துக்கு ஒரு பெரிய ஃபிளாஸ்க் வெந்நீர் கட்டாயம் கொண்டுபோகிறேன். குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில் நீரைக் கலந்து அந்த இடத்தை அதில் அமிழ்த்தி வைத்தால் வலி குறையும். அப்படியே மருத்துவமனைக்குப் போகவேண்டும். உடலில் விஷமுள்ள பேத்தை மீன் வந்தால் படம்கூட எடுக்காமல் நீரில் விடுங்கள். திருக்கை இனத்து உழுவை மீன் வந்தாலும் விட்டுவிடுங்கள், உலகெங்கும் அருகி வருகிறது அது. என் சாண் அளவுக்குக் குறைந்த எந்த மீனையும் நாங்கள் எடுப்பதில்லை.

ஆழ்கடல் மீன்பிடிப்பு என்று கேட்பவர்களுக்கு நேராகவே சொல்கிறேன்: நம் நீரிணை அதற்கு இடமில்லை. மலேசியாவின் கிழக்குக் கரைக்குப் போகவேண்டும். மெர்சிங்கிலிருந்து தீவுகளை நோக்கி தெங்கிரி, அதாவது வஞ்சிரம். பகாங்கின் ரொம்பினில் மயில்மீன், அதாவது செயில்ஃபிஷ். மயில்மீனுக்கு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை உச்சம். வட்ட முள்ளில் உயிர்மீனை இரையாகக் கோத்து, பிடித்த மீனை நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி விடுவது அங்கே வழக்கம். இரவில் கணவாய் பிடிக்க, வாடை ஓய்ந்த ஏப்ரலுக்குப் பிறகு போகலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அந்தக் கரைப் பக்கமே திரும்பாதீர்கள், அலை வீடு உயரத்துக்கு எழும்.

சாப்பாடு: கிளம்புமுன் இரண்டு இட்லி, எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். மாத்திரை தேவைப்படுபவர்கள் படகேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள், குமட்டல் தொடங்கிய பின் பயனில்லை. மதியத்துக்கு எலுமிச்சைச் சாதம்.

பிடித்த மீனை வாளியில் வெயிலில் வைக்காதீர்கள். உடனே செவுளை அறுத்து இரத்தத்தை வடியவிட்டு, பனிக்கட்டியோடு கடல்நீர் கலந்த பெட்டிக்குள் இறக்குங்கள். வெறும் பனிக்கட்டியைவிட இந்தக் கலவை மீனை வேகமாகக் குளிர்விக்கும். அப்படிக் கொண்டுவந்த கொடுவாவை அம்மா புளிக்குழம்பு வைத்தால் துண்டு உடையாமல் நிற்கும். அக்கம்பக்கத்து வீட்டாருக்கு ஆளுக்கொரு துண்டு போகும்.

வீடு திரும்பியதும் கோலையும் ரீலையும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்துவிட்டு, குளிக்கும் முன்பே நாட்காட்டித் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் எழுதுகிறேன்: எந்த இடம், ஏற்றம் எத்தனை மீட்டர், வற்றம் எத்தனை மீட்டர், காற்று எந்தத் திசை, எந்த மணிக்கு எந்த மீன் எந்த இரைக்கு வந்தது. ஒன்றும் வராத நாளையும் எழுதுகிறேன். அப்பா எழுதிய தாள்கள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கின்றன, என்னுடையவை இரண்டாவது டப்பாவில். அடுத்த பயணத்துக்குத் தேதி குறிக்க உட்காரும்போது முதலில் அந்த இரண்டு டப்பாக்களையும்தான் திறக்கிறேன்.