பெங்களூரிலிருந்து மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்துக்கு

அல்சூர், மர்பி டவுன் பக்கமிருந்து மாமல்லபுரம் போகும் நம்மவர்கள் பலரும் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டைப் பாறை என்று சுற்றிவிட்டு, கலங்கரை விளக்கத்தைக் கீழே நின்று ஒரு படம் எடுப்பதோடு திரும்பிவிடுகிறார்கள். அதன் மேலே ஏறலாம், 2011 முதல் அனுமதிக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை இரவு சென்னை மெயில் ரயிலைப் பிடித்தால் விடியும் நேரம் சென்னை சென்ட்ரல். எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறி திருவான்மியூரில் இறங்குங்கள், அங்கிருந்து ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாகப் போகும் பஸ் கிடைக்கும். காரில் வருகிறவர்கள் கிருஷ்ணகிரி, வேலூர் தாண்டி காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகவே வந்துவிடலாம், சென்னைக்குள் நுழைய வேண்டாம்.

கலங்கரை விளக்கத்தைப் பத்து மணி வாக்கில்தான் திறப்பார்கள். அதுவரை சும்மா உட்காராதீர்கள். பாறை சூடேறுவதற்குள் பக்கத்திலேயே இருக்கும் மகிஷாசுரமர்த்தினி குகையைப் பார்த்துவிட்டு, அதன் தலைக்கு மேலே நிற்கும் ஓலக்கண்ணேஸ்வரர் கோயிலுக்கு ஏறுங்கள். இதுதான் பழைய விளக்கு! பல்லவர் கட்டிய சிவன் கோயில், விமானத்தின் மேல்பகுதி இப்போது இல்லை, மேலே தட்டையாக இருக்கும். இப்போதுள்ள கோபுரம் வருவதற்கு முன்பு, ஆங்கிலேயர் காலத்தில் இந்தக் கோயில் கூரையில்தான் கப்பல்களுக்கு விளக்கேற்றினார்கள். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் சில அடி தூரத்தில் 1904-இல் இயங்கத் தொடங்கிய கோபுரம் நிற்கிறது, அதுவும் கருங்கல், சுமார் 26 மீட்டர் உயரம். ஒரே பாறையில் இரண்டும் அருகருகே நிற்பதைப் பார்க்கத்தான் இந்த வரிசையில் போகச் சொல்கிறேன், நேரே டிக்கெட் வாங்கி ஏறியவர்களுக்கு இது புரியவே புரியாது.

டிக்கெட் தனி, கடற்கரைக் கோயில் டிக்கெட் இங்கே செல்லாது. உள்ளே சுழல் படி, போகப் போகக் குறுகும், உச்சியில் செங்குத்து. தோளில் பெரிய பை வேண்டாம், குழந்தையை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் ஏறுங்கள். மேலே காற்று பலமாக அடிக்கும், தொப்பியையும் போனையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கிழக்கே கடற்கரைக் கோயில், தெற்கே ஐந்து ரதம் இருக்கும் பக்கம், மேற்கே பக்கிங்காம் கால்வாய். ஊர் எப்படி அமைந்திருக்கிறது என்று இங்கே பார்த்துக்கொண்டால், அப்புறம் கீழே வழி கேட்கவே தேவையிருக்காது.

முட்டி வலியுள்ள பெரியவர்களை இந்தப் படியில் ஏற்றாதீர்கள். அவர்களுக்கு சென்னை மெரினா கலங்கரை விளக்கம்தான் சரி, 1977-இல் வந்தது, லிஃப்ட் இருக்கிறது. திறந்திருக்கிறதா என்று மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.